இருட்டில் ஒரு போல்ட்டின் நிழல்

"இன்னும் எவ்ளோ நேரம்? தண்ணி ஆறிடுச்சு!"

கதவுக்கு வெளியே பார்வதி நிற்கிறாள். உள்ளே நான். குளியலறை விளக்கை அணைத்திருக்கிறேன். கதவிடுக்கில் பழைய கம்பளியைத் திணித்திருக்கிறேன். மேலே, சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் இருக்கும் திறப்பில் என்னுடைய கறுப்பு வேட்டியை நான்காக மடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

"கொஞ்சம் பொறு, பார்வதி. பிலிம் சுருள்ல ஏறிக்கிட்டிருக்கு."

"பிலிமு ஏறட்டும். எனக்குக் குளிரு ஏறுது."

அவள் தேயிலைக் காட்டிலிருந்து வந்து கால் கூடக் கழுவவில்லை. ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் தண்ணீர் ஊசியாகக் குத்தும். அடுப்பில் காய்ச்சி வாளியில் ஊற்றி வைத்த வெந்நீரும் என்னோடு இருட்டில் கிடந்து ஆறிக்கொண்டிருந்தது. நான் விரல் நுனியால் பிலிமின் ஓரத்தைத் தடவித் தடவிச் சுருளின் பள்ளத்தில் ஏற்றினேன். வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவுக்குள் வைத்து மூடியைத் திருகியபின் கதவைத் திறந்தேன். பார்வதி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அந்தப் பிலிமைக் கழுவி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கரி பூசியது போல் கறுத்துக் கிடந்தது. படம் ஒன்றும் தேறவில்லை.

பிள்ளைகளா, இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படித்துவிட்டு, போன மாதம் உங்களில் ஒருவர், இருட்டைப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். முடியும். நான் பிடித்திருக்கிறேன். பிடித்த நாளிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் கதைதான் இது.

மீன் தலைகளுக்கு நடுவே

நான் லோரி ஓட்டுகிறவன். கொழுந்தை மலையிலிருந்து ஆலைக்கு ஏற்றிப் போவது என் வேலை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. படம் எடுப்பது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பிலிம் காமிராவில் எடுத்துக்கொடுப்பேன். இப்போது எல்லோர் கையிலும் போன் இருப்பதால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குப் பிடித்ததை எடுக்க நேரம் கிடைக்கிறது.

பிரிஞ்சாங்கில் காதர் நானா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் நான் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தாங்க தம்பி, ஒங்க சாமான்."

"என் சாமானா? என்னா நானா இது?"

"எவனோ காலேஜ்காரன், மேல காட்டுல இலையெல்லாம் படம் புடிக்க வந்தவன் வெச்சிட்டுப் போனது. குளிர்லதான் இருக்கணும்னான். மீன் தலைக்கும் ஆட்டுக் கறிக்கும் நடுவுல வருஷக் கணக்கா இதுக்கு எடம் குடுத்துட்டேன். அவன் வரல. போன் பண்ணி கேட்டா, வேணாம், யாருக்காச்சும் குடுங்கன்னுட்டான். இனி நீங்க காப்பாத்துங்க லா."

பிரித்துப் பார்த்தால் கறுப்பு வெள்ளை அகச்சிவப்புப் பிலிம் சுருள்கள். இப்போது அந்த வகையைச் செய்வதே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றில் மீன் வாசம் அடித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

வானவில்லில் ஓரத்து நிறம் சிவப்பு என்று படித்திருப்பீர்கள். அந்தச் சிவப்போடு வெளிச்சம் முடிந்துவிடுவதில்லை. அதையும் தாண்டி இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் எட்டாது. அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும் பிலிம் இது.

பிடிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். மற்றப் பிலிமைப் போல வெளிச்சத்தில் வைத்துக் காமிராவில் மாட்ட முடியாது. பிலிம் வெளியே வரும் சின்ன இடுக்கு வழியாகவே அந்த வெளிச்சம் உள்ளே ஓடிவிடும். முழு இருட்டில்தான் மாட்ட வேண்டும். லென்சின் முன்னால் கறுப்பாகவே தெரியும் ஒரு சிவப்புக் கண்ணாடி போட வேண்டும். போட்டபின் அதன் வழியாக ஒன்றும் தெரியாது. அதனால் முக்காலியில் காமிராவை நிறுத்தி, முதலில் பார்த்துச் சரிசெய்து, பிறகு கண்ணாடியை மாட்டி, லென்சில் இருக்கும் சின்னச் சிவப்புக் கோட்டுக்குத் தூரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இந்த வெளிச்சம் லென்சைத் தாண்டி வேறு இடத்தில் கூடுவதால் அப்படி. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று எந்தக் கருவியும் சரியாகச் சொல்லாது. ஒரே காட்சியைக் கூட்டியும் குறைத்தும் சில தடவை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சுருளை எடுத்துக் கழுவி அச்சுப் போட்டுப் பார்த்த அன்று நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளை! உயிருள்ள பச்சை இலை அந்த வெளிச்சத்தை வாங்கி வீசி எறிகிறது. வானமோ கறுப்பு. மலையடிவாரத்துத் தபாவிலிருந்து மேலே பரவும் புகைமூட்டத்தைக்கூட அந்தப் பிலிம் துளைத்துப் பார்த்துவிட்டது. எங்கள் மூடுபனியை மட்டும் அதனாலும் துளைக்க முடியவில்லை.

அதே சுருளில் என் மச்சான் மணியத்தின் படமும் இருந்தது. பார்வதியின் அண்ணன். ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டோடு நின்றவன், படத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு நின்றான்.

"என்னா மச்சான் இது? கல்யாண மாப்பிள்ள மாதிரி ஆக்கிட்டீங்க. சாமி பாத்தா என்னா நெனைப்பாரு?"

"துணிச் சாயம் இந்த வெளிச்சத்துக்கு ஒரு பொருட்டே இல்ல மச்சான். அதுக்கு ஒங்க வேட்டி கறுப்பும் இல்ல, ஒன்னும் இல்ல."

"அப்ப நான் வெரதம் இருந்ததுக்கும் கணக்கு இல்லேங்குறீங்க!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடையைக் கேட்டவர்கள்

இங்கே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். தேயிலைக் காட்டில் படம் எடுப்பது என்றாலே பார்வதிக்குப் பிடிக்காது. காரணம் இருக்கிறது. லீவு நாட்களில் பெரிய பெரிய பஸ் வந்து சாலையோரம் நிற்கும். இறங்குகிறவர்கள் கேட்காமல் கொள்ளாமல் தேயிலை நிரைக்குள் நுழைந்து, வேலை செய்கிறவள் மூக்குக்கு நேரே போனை நீட்டுவார்கள். ஒருத்தர் பார்வதியிடம், கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பறிக்கச் சொன்னார். பழைய காலத்துக் கூடை இல்லையா என்றும் கேட்டார்.

பார்வதி கத்தரியைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டி, "சிரிங்க" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் படம் இன்னும் அவள் போனில் இருக்கிறது.

அப்படிப்பட்டவள், என் முதல் சுருளைப் பார்த்துவிட்டு, "எங்க கொழுந்துக் கேங்க ஒரு தடவ இந்த மாதிரி எடுங்க. ஆனா நாங்க சொல்ற எடத்துல, நாங்க சொல்ற மாதிரி" என்றாள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, இந்தோனேசியாவிலிருந்து வந்து வேலை செய்யும் பெண்கள், எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு படத்தில் வெள்ளையாக வரும் தேயிலைக்கு நடுவே நிற்பதாக ஏற்பாடு. நின்றார்கள். எடுத்தேன்.

அந்தச் சுருள்தான் கரியாகிப் போனது.

தீப்பெட்டி அளவு சோதனை

"பழைய பிலிமு. கெட்டுப்போயிருக்கும்" என்றான் மணியம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதே பையில் இருந்த முதல் சுருள் நன்றாக வந்ததே? கழுவும் மருந்தும் அதே மருந்து. கீழே தபாவில் என்றால் மருந்துத் தண்ணீருக்கு ஐஸ் போட வேண்டும். எங்கள் மலையில் குழாய்த் தண்ணீரே கணக்கான குளிரில் இருக்கும். அதிலும் தப்பில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மறுபடி குளியலறைக்குள் போனேன். இன்னொரு சுருளின் முனையில் தீப்பெட்டி நீளத்துக்கு வெட்டினேன். அது சுருண்டுகொண்டே இருந்ததால் தரையில் டேப் போட்டு ஒட்டினேன். அதன் மேல் லோரியிலிருந்து கழற்றிய சின்ன போல்ட் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தினேன். பிலிம் கெட்டிருந்தால் எல்லாம் ஒன்றாகக் கறுக்கும். எங்கிருந்தாவது வெளிச்சம் புகுந்தால் போல்ட் நின்ற இடம் மட்டும் கறுக்காமல் தெளிவாக இருக்கும். இதுதான் என் எண்ணம். இருட்டில் உட்கார்ந்து வெற்றிலை ஒன்றை மென்று முடித்தேன். பிறகு எடுத்துக் கழுவினேன்.

துண்டு கறுத்திருந்தது. போல்ட் நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தெளிவு. எங்கோ வெளிச்சம் புகுகிறது! நான் கதவிடுக்கைக் குடைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வதி அந்தத் துண்டை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த வட்டத்துக்குப் பக்கத்துல வாலு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்னா?"

"எது?"

"இதுதாங்க. போல்ட்டுக்கு நெழலு விழுந்திருக்கு. எந்தப் பக்கமா வெச்சீங்க?"

டேப் ஒட்டிய தடம் தரையில் இருந்தது. துண்டை வைத்தது வைத்தபடியே அங்கே வைத்தோம். நிழலின் வால் கதவுப் பக்கம் நீண்டிருந்தது. அப்படியானால் வெளிச்சம் எதிர்ப்பக்கம், மேலேயிருந்து வருகிறது. பார்வதி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கூரைக்கடியில் என் கறுப்பு வேட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் வேட்டி படத்துல வெள்ளையாதானே இருந்துச்சு?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயத்தை ஒரு பொருட்டாக நினைக்காத வெளிச்சத்தை நான் சாயம் போட்ட வேட்டியால் மறைத்திருக்கிறேன். நானும் ஐயப்பனுக்கு மாலை போட்டபோது வாங்கிய வேட்டி, இருட்டுக்கு இருட்டாக இருக்கும் என்று நம்பி.

ஆனால் பொழுது சாய்ந்தபின் அந்தத் திறப்புக்கு வெளியே என்ன வெளிச்சம்? மூடுபனியும் மலைச்சரிவும்தானே?

மேலே இருந்த கிண்ணம்

மலைத் தோட்டத்தில் லயங்கள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகள், படிப்படியாக இருக்கும். எங்கள் கூரை உயரத்தில்தான் மேல் படியின் தரை. அங்கே உர ஸ்டோர். குளியலறைகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால், அந்த ஸ்டோரைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். வெந்நீர் ஆவி வெளியேறாவிட்டால் சுவரெல்லாம் பாசி பிடித்துவிடும் என்று மேலே அந்தத் திறப்பு விட்டிருக்கிறார்கள்.

என் முதல் சுருளுக்கும் இரண்டாம் சுருளுக்கும் இடையில், உர மூட்டை திருட்டுப் போகிறது என்று ஸ்டோரின் தாழ்வாரத்தில் காமிரா மாட்டினார்கள். கறுப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டினாற்போல் இருக்கும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று மலாயிலும் தமிழிலும் பலகை வைத்தார்கள். நல்லதுதானே என்று நாங்களும் பேசிக்கொண்டோம்.

பார்வதி வேட்டியைக் கழற்றிவிட்டு, குளியலறைத் திறப்புக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்தாள். முகம் எடுக்கும் முன்பக்கக் காமிராவுக்கு அந்த வெளிச்சம் கொஞ்சம் தெரியும்; அதில் பார்த்தால், வெறும் கண்ணுக்குக் கும்மிருட்டாக இருந்த கிண்ணத்துக்குள் வெளிர் ஊதாப் பொட்டுகள் வளையமாக எரிந்தன. இருட்டிலும் பார்ப்பதற்காகக் காமிரா தானே வீசும் விளக்கு. அது நேரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் போனை இடுப்பில் செருகினாள். வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அன்று அவள் குளிக்கவில்லை.

பெரட்டு

காலையில் வேலை பிரித்துக்கொடுக்க எல்லோரும் கூடுவதை எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்போம். மறுநாள் பெரட்டில் பெண்களில் ஒருத்தியும் கத்தரியைத் தொடவில்லை. துரை வந்து இறங்கினார். கே.எல். நகரிலிருந்து வந்த இளம் மேனேஜர். நம் தமிழ்ப் பிள்ளைதான். மரியாதையாகப் பேசுவார்.

"தொர, ஸ்டோர் காமிரா எங்க பாக்குது?" என்று பார்வதி கேட்டாள்.

"ஸ்டோர் வாசலத்தான் பாக்குது அக்கா. ஏன்?"

நான் பிலிம் துண்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற, ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மீன் பெட்டியில கெடந்த பிலிமு தொர. அத வெச்சு இவரு மாந்திரீகம் பண்றாரு" என்றார். இரண்டொரு ஆண்கள் சிரித்தார்கள்.

துரை என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எஸ்டேட்டுக்குள்ள படம் எடுக்கணும்னா ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணும். தெரியும்ல?"

பிள்ளைகளா, இதைக் கேளுங்கள். என் பெண்டாட்டியை, அவள் கேட்டு, அவள் சொன்ன இடத்தில் படம் எடுக்க நான் அனுமதி வாங்க வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பெண்கள் குளிக்கிற இடத்தில் காமிராவைத் திருப்பி வைக்க இவர்கள் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

"படத்த விடுங்க தொர. அந்தக் காமிரா டிவியக் காட்டுங்க" என்றாள் பார்வதி.

"அது எப்புடி எல்லாருக்கும் காட்டறது?" என்றார் கிராணி. "பிரைவசி இருக்கு லா."

"யாரு பிரைவசி?" அஞ்சலை அக்கா முன்னால் வந்தாள். "உர மூட்டைக்கா?"

துரைக்கு முகம் கொஞ்சம் மாறியது. "சண்ட வேணாம். கேமராவுல ஒங்க பின்பக்கச் செவுரு ஓரமா தெரியும், அவ்ளோதான். உள்ள ஒன்னும் தெரியாது. நான் சொல்றேன்ல?"

"ஒன்னும் தெரியாதுல்ல?"

"தெரியாது அக்கா."

"அப்ப நீங்க எங்க குளிக்கிற ரூம்ல போய் நில்லுங்க. கதவ சாத்திக்கிட்டு ஒரு பாட்டுப் பாடற நேரம் நின்னாப் போதும். நாங்க இங்க டிவி பாத்துக்கிட்டு இருக்கோம்."

கூட்டம் அவரையே பார்த்தது. சரி என்றார். அந்த ஒன்றுக்கு மட்டும் அவரைப் பாராட்டுவேன். மணியம் கூடப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றான். நாங்கள் ஸ்டோருக்குள் நெருக்கியடித்தோம். கிராணி வேறு வழியில்லாமல் திரையைப் போட்டார்.

ஓரத்தில் ஸ்டோர் வாசல். அதற்குக் கீழே எங்கள் லயத்தின் பின்சுவர் முழுக்க. சுவரின் மேல் திறப்புகள், வரிசையாக. மூன்றாவது, எங்கள் வீட்டுத் திறப்பில் துரை.

முதலில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். மாடத்தில் இருந்த சோப்பை எடுத்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியில் முகம் பார்த்து, பையிலிருந்து சீப்பை எடுத்து முடியைப் படிய வாரினார். பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

யாரோ முதலில் 'களுக்' என்றார்கள். பிறகு அடக்க முடியவில்லை. இந்தோனேசியப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அஞ்சலை அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். இரண்டாவது திறப்பு அஞ்சலை அக்கா வீட்டுடையது. நான்காவது, அந்தப் பெண்கள் தங்கியிருக்கும் வீட்டுடையது. அவரவர் திறப்பை அவரவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கிராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை திரும்பி வந்தார்.

"என்ன, ஒன்னும் தெரியலையே?"

"சோப்பு வாசம் புடிச்சிருந்துச்சா தொர?" என்று கேட்டாள் பார்வதி.

அவர் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

அதற்குப் பிறகு

அன்று மத்தியானமே கிண்ணத்தைத் திருப்பினார்கள். தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று ஒரு தாள் ஒட்டினார்கள். கோளாறாம்! மாட்ட வந்தவன் தப்பாக மாட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் மாட்டிய நாளிலிருந்து அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கண் இல்லையா? பதிவையெல்லாம் அழித்தாயிற்று என்றார்கள். அழிப்பதற்கு முன்னால் யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டோம். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மன்னிப்பு என்ற சொல் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. உங்கள் பாதுகாப்புக்காக என்ற பலகை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

திறப்புக்கு நான் தகரச் சாய்ப்பு அடித்துவிட்டேன். ஆவி போகும், பார்வை போகாது. தகரத்தை எந்த வெளிச்சமும் துளைக்காது. அதற்குள் உட்கார்ந்து பிலிம் ஏற்றிப் பார்த்தேன். பழுதில்லாமல் வந்தது. பெண்களை மறுபடி வெள்ளைத் தேயிலைக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படத்தில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

என்னால் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. பார்வதி தினமும் சாயங்காலம் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். மேலே தகரம் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆணியடித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறாள். இருட்டில் சோப்பு கைநழுவி விழும் சத்தம் எனக்கு அடுப்படிவரை கேட்கிறது.

அந்த விளக்கை மறுபடி யார் வந்து ஏற்றிக்கொடுக்கப் போகிறார்கள்?